காட்டுயிர்க் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போக விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டின் காடுகளிலும் கடற்கரைகளிலும் ஏரிகளிலும் நடைபெறும் கணக்கெடுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் நண்பர்களும், நண்பர்களின் பிள்ளைகளும், சில சமயம் முன்பின் அறியாதவர்களும் ஏறக்குறைய ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

தன்னார்வலர் என்றால் அங்கே உண்மையில் என்ன வேலை?

நடப்பது, பார்ப்பது, எழுதுவது. வனத்துறையோ ஆய்வு நிறுவனமோ ஒரு முறையை வகுத்து, ஒரு படிவத்தைக் கையில் கொடுத்து, ஒரு பாதையையோ நீர்நிலையையோ ஒதுக்கித் தரும். அங்கே குறிப்பிட்ட நேரத்தில் இருந்து, கண்டதைக் கண்டபடி பதிவு செய்வதே வேலை. பெரும்பாலும் ஒரு வனக்காப்பாளர், ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர், ஒன்றிரண்டு தன்னார்வலர்கள் என்று சிறு குழுவாகப் போவார்கள். வழி காட்டுவதும் பாதுகாப்பும் வனக்காப்பாளர், காவலர் ஆகிய இருவரின் பொறுப்பு. தூரம் அளப்பது, திசைகாட்டி பார்ப்பது, படிவத்தை நிரப்புவது ஆகியவை பெரும்பாலும் நம்மிடம் வரும்.

விலங்குகளைப் பிடிப்பது, தொடுவது, மருத்துவம் பார்ப்பது ஆகிய எதுவும் தன்னார்வலரின் வேலை அல்ல. அப்படி ஆசை காட்டி யாராவது அழைத்தால் அந்த அழைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். விலங்கியல் படிக்காதவனைச் சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரி மாணவர்களுக்கும் இயற்கை அமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கும் சில இடங்களில் முன்னுரிமை உண்டு என்றாலும், பட்டம் கட்டாயம் இல்லை. களத்துக்குப் போகும் முன் அரை நாளோ ஒரு நாளோ பயிற்சி நடக்கும். அதைத் தவறவிட்டவரை அனுப்பாமல் இருப்பதே சரி. எண்களோடு பழகியவர்கள், ஒரு கட்டத்தை நிரப்பாமல் அடுத்ததற்குப் போகக் கூசுகிறவர்கள், களத்தில் மிக நன்றாக வேலை செய்வதைக் கண்டிருக்கிறேன். உங்கள் வங்கிப் பழக்கம் வீண்போகாது.

எந்த மாதத்தில் எந்தக் கணக்கெடுப்பு நடக்கும்? எப்படித் தெரிந்துகொள்வது?

நீர்ப்பறவைகளின் கணக்கெடுப்பு சனவரியை ஒட்டி நடக்கும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் அந்த மாதத்தில்தான் நடந்துவருகிறது. நிலப்பறவைகளுக்கு மார்ச் மாதம். பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் முட்டையிட சனவரி முதல் மார்ச் வரை கரையேறும். வரையாட்டுக் கணக்கெடுப்பு ஏப்ரல் இறுதியிலும், தென் மாநிலங்கள் ஒரே நாட்களில் நடத்தும் யானைக் கணக்கெடுப்பு மே மாதத்திலும் அண்மை ஆண்டுகளில் நடந்திருக்கின்றன. அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பு நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். இவை தவிர, முதுமலை, ஆனைமலை போன்ற புலிகள் காப்பகங்களில் பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆண்டுதோறும் கணக்கெடுப்பு உண்டு.

அறிவிப்பு பெரும்பாலும் மாவட்ட வன அலுவலகத்தின் வழியாகச் செய்தித்தாள்களில் வரும். சில சமயம் ஒரு வாரமே அவகாசம் இருக்கும். எனவே உங்கள் மாவட்டத்தின் பறவை ஆர்வலர் குழு ஒன்றில் முன்கூட்டியே இணைந்திருப்பது நல்லது. அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், தனியாகப் போய்க் கணக்கெடுக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

முதல் முறை எதில் தொடங்கலாம்?

பறவைகளில் தொடங்குங்கள் என்பது என் கருத்து. பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு அனுமதியும் வேண்டாம், பயணமும் வேண்டாம். வீட்டு மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் என்னும் இணையப் பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றினால் போதும். பள்ளிக்கரணை, கூந்தன்குளம், கோயம்புத்தூரின் சிங்காநல்லூர்க் குளம் போன்ற இடங்களில் தேர்ந்தவர்களோடு நின்று எண்ணக் கிடைத்தால் அது பெரும்பேறு. ஆயிரக்கணக்கில் இருக்கும் வாத்துக் கூட்டத்தை எப்படி எண்ணுவது என்பதை அங்கேதான் கற்கலாம். முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போவார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கடலாமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு 1988 முதல் ஒவ்வொரு பருவத்திலும் இரவில் கடற்கரையை நடந்து ஆமை முட்டைகளைக் காத்துவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையிலான சுமார் ஏழு கிலோமீட்டர் மணலில் நடுநிசி தாண்டி நடப்பவருக்கு, களப்பணி தமக்கு ஒத்துவருமா என்பது ஓர் இரவிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு 52 வயது. உடல் தாங்குமா?

வயதைவிடப் பழக்கமே முக்கியம். புலிகள் கணக்கெடுப்பில் ஊனுண்ணிகளின் தடயம் தேடும் குழு நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் மூன்று நாள் நடக்கும். தாவர உண்ணிகளுக்கான நேர்கோட்டுப் பாதை இரண்டு கிலோமீட்டர்தான். கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், பாதை தொடங்கும் இடத்துக்கு விடியலுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். மேடு பள்ளம் பார்க்காமல் கோட்டிலேயே நடக்க வேண்டும். வரையாட்டுக் கணக்கெடுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கடினம், ஏனெனில் அந்த விலங்கு பாறைச் சரிவுகளை விட்டு இறங்குவதில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் யானைக் கணக்கெடுப்பில் நீர்நிலையருகே அமர்ந்து எண்ணும் பணியைக் கேட்டுப் பெறலாம். நெஞ்சுவலி, வலிப்பு, கடும் ஒவ்வாமை ஆகியவற்றை மறைத்து வருவது மட்டும் கூடாது. மருத்துவமனை இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கக்கூடும்.

என்னென்ன எடுத்து வர வேண்டும்?

பச்சை, காக்கி, பழுப்பு ஆகிய மங்கிய நிறங்களில் முழுக்கை உடை, கணுக்காலை மூடும் பழகிய காலணி, தண்ணீர், கைவிளக்கு, உங்களுக்கு வேண்டிய மருந்து. இரண்டு பென்சில் கட்டாயம். பேனா மழையில் கரைந்துவிடும். வாசனைத் திரவியமும் நறுமணச் சோப்பும் வேண்டாம், ஏனெனில் காட்டு விலங்குகள் நம்மைக் காண்பதற்கு முன்பே மோப்பத்தால் அறிந்துவிடும். சோலைக்காடுகளில் மழைக்காலத்துக்கு, அட்டைப்பூச்சி கடிக்காமல் காக்கும் காலுறை நல்லது.

பெண்கள் தனியாக வந்தால் தங்குமிடம், கழிப்பறை எல்லாம் எப்படி இருக்கும்?

இதை எழுத்தில் கேட்கப் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டிய கேள்வியே அல்ல. வனத்துறை முகாம்களில் பல, நான்கு ஆண் காவலர்கள் தங்குவதற்காகக் கட்டப்பட்டவை. சிலவற்றில் கதவோடு கூடிய கழிப்பறை இருக்கும், சிலவற்றில் இருக்காது. எனவே பதிவு செய்யும்போதே எந்த முகாம், குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாரா, கழிப்பறை உண்டா என்ற மூன்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெண் வனக்காப்பாளர்கள் இப்போது பல சரகங்களில் பணிபுரிவதால், பெண் தன்னார்வலரை அவர்களோடு சேர்த்து அனுப்பக் கோரலாம். மாதவிடாய்ப் பொருட்களைக் காட்டில் புதைக்காமல் கட்டி எடுத்துவர ஒரு பை வேண்டும். கேட்டதற்குத் தெளிவான பதில் வராத ஏற்பாட்டுக்குப் போகாதீர்கள்.

யானை எதிரே வந்தால்? பாம்பு கடித்தால்?

யானை எதிர்ப்பட்டால், உடன் வரும் காவலர் சொல்வதை அந்தக் கணமே செய்ய வேண்டும். ஏன் என்று அப்புறம் கேட்கலாம். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, பின்வாங்க வழி எது என்பதையெல்லாம் அவர் நடக்கும்போதே கணித்துக்கொண்டிருப்பார். குழுவிலிருந்து பிரிந்து படம் எடுக்க நிற்பவரே பெரும் ஆபத்து.

பாம்புக்கடிக்கு வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. எலும்பு முறிந்த காலை அசையாமல் வைப்பதுபோல் கடிபட்ட உறுப்பை வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் சென்று, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனையை அடைய வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே மருந்தே தரப்படுவதால், பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

நடைமுறையில் நான் அதிகம் அஞ்சுவது உண்ணிக்கு. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் 1957இல் கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சல் உண்ணிக்கடியால் பரவுவது. பின்னர் நீலகிரி, வயநாடு பகுதிகளிலும் தென்பட்டது. முகாமுக்குத் திரும்பியதும் குளித்து, அக்குள், இடுப்பு, காது மடல் ஆகியவற்றைச் சோதியுங்கள். வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

புலியைப் பார்க்க முடியுமா?

அநேகமாக முடியாது. காலடி, எச்சம், மரப்பட்டையில் பிறாண்டிய கீறல் ஆகியவை கிடைக்கும். புலிகளைத் தனித்தனியாக எண்ணுவது, பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் கட்டப்படும் தானியங்கிக் கேமராக்களின் வேலை. எந்த இரு புலிகளுக்கும் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. வலப்பக்க வரியும் இடப்பக்க வரியும்கூட வேறு வேறு. அதனால்தான் இரட்டைக் கேமரா. புலியைப் பார்ப்பதே நோக்கம் என்றால் சுற்றுலா வாகனத்தில் போவது நேர்மையான வழி.

மூன்று நாள் நடந்தேன், ஒன்றுமே தென்படவில்லை. படிவம் முழுக்க சுழியம். என் உழைப்பு வீண்தானே?

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதத் தொடங்கினேன். வீண் அல்ல. ஒரு விலங்கு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல, எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்பது தெரிந்தாக வேண்டும். தேடாத இடமும் தேடிக் கிடைக்காத இடமும் வரைபடத்தில் ஒன்றுபோல் வெறுமையாக இருந்தால், அந்த வரைபடத்தை நம்பி எந்த முடிவும் எடுக்க முடியாது. நீங்கள் எழுதிய சுழியம் அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. சென்ற ஆண்டு புள்ளிமான் இருந்த பாதையில் இந்த ஆண்டு சுழியம் என்றால், அது ஓர் எச்சரிக்கை.

ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் நடந்ததை ஒவ்வொரு தன்னார்வலரும் அறிந்திருக்க வேண்டும். அங்கே ஆண்டுதோறும் ஏடுகளில் புலிகள் இருப்பதாகவே பதிவாகிவந்தது. 2005இல் தேடிப் பார்த்தபோது ஒரு புலிகூட இல்லை, அத்தனையும் வேட்டையாடப்பட்டிருந்தன. காலடித் தடத்தை வைத்து எண்ணும் பழைய முறை அதன்பின் கைவிடப்பட்டு, 2006 முதல் இன்றைய முறை வந்தது. யாராவது ஒருவர் முன்கூட்டியே துணிந்து சுழியம் எழுதி, அதை மேலே இருப்பவர்கள் படித்திருந்தால், சில புலிகளையாவது காத்திருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு.

ஆகவே, பார்க்காததைப் பார்த்ததாக எழுதத் தோன்றும் அந்தச் சபலத்துக்கு இடம் தராதீர்கள். "ஒரு கடமானாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று உடன் வருபவர் அன்போடு சொல்லக்கூடும். மறுத்துவிடுங்கள்.

யானையைப் பார்க்காமல் சாணத்தை எண்ணி யானைகளின் எண்ணிக்கையைச் சொல்வது எப்படிச் சரியாகும்?

கணக்கு எளியது. ஒரு சதுர கிலோமீட்டரில் எத்தனை சாணக் குவியல்கள் உள்ளன, ஒரு யானை நாளொன்றுக்கு எத்தனை முறை சாணமிடும், ஒரு குவியல் அடையாளம் தெரியாமல் மக்கிப்போக எத்தனை நாளாகும் என்ற மூன்றும் தெரிந்தால் போதும். எடுத்துக்காட்டாக, ஒரு சதுர கிலோமீட்டரில் 1,600 குவியல்கள், நாளுக்கு 16 முறை, மக்க 100 நாள் என்று வைத்துக்கொண்டால், 16ஐ 100ஆல் பெருக்கி அதனால் 1,600ஐ வகுக்க, ஒரு யானை என்று வரும். மழையும் சாணவண்டுகளும் மக்கும் காலத்தை மாற்றுவதால், அதை அந்தந்தக் காட்டிலேயே தனியாக அளக்க வேண்டும்.

இங்கே தன்னார்வலர் செய்யும் பெரும் பிழை, பாதையின் நடுக்கோட்டிலிருந்து குவியலுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தை அளக்காமல் உத்தேசமாக எழுதுவது. தொலைவில் இருப்பவற்றில் பலவற்றை நாம் தவறவிடுகிறோம். எவ்வளவு தவறவிட்டோம் என்பதை அந்தத் தூரங்களைக் கொண்டே பிறகு கணிக்கிறார்கள். அளவுநாடாவை விரிக்கச் சோம்பினால் கணக்கு முழுவதும் சாய்ந்துவிடும். சாணம் நிறையக் கிடக்கும் பக்கமாகக் கோட்டை விட்டு விலகி நடப்பதும் அதே பிழைதான்.

ஒரே விலங்கை இரண்டு குழுக்கள் எண்ணிவிட்டால் என்ன ஆகும்?

இரண்டு விதமாகப் பதில் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த மாநிலங்களில், அடுத்தடுத்த சரகங்களில் ஒரே விலங்கு இருமுறை எண்ணப்படாமல் இருக்கவே எல்லாரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் எண்ணுகிறோம். எனவே உங்கள் படிவத்தில் நேரத்தை நிமிடம் வரை எழுதுவது முக்கியம்.

வரையாட்டுக் கணக்கெடுப்பிலோ வேண்டுமென்றே ஒரே பகுதியை இரு குழுக்கள் தனித்தனியாக எண்ணும் முறையும் உண்டு. முதல் குழு 10 மந்தைகளையும், இரண்டாம் குழு 8 மந்தைகளையும் கண்டு, அவற்றுள் 6 இரு குழுக்களின் கண்ணிலும் பட்டவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் குழு கண்ட 8இல் 6ஐ முதல் குழுவும் கண்டிருக்கிறது. அதாவது முதல் குழு நான்கில் மூன்று பங்கைக் காணும் திறன் உடையது. அப்படியானால் அது கண்ட 10 என்பது முழுமை அல்ல, மொத்தம் ஏறத்தாழ 13 இருக்க வேண்டும். இரு குழுக்களும் வழியில் பேசி வைத்துக்கொண்டு ஒரே எண்ணை எழுதினால், யாருமே எதையும் தவறவிடவில்லை என்றாகி, இந்தக் கணக்கே உடைந்துபோகும். நட்பின் பொருட்டுச் செய்யப்படும் இந்த உதவியைப் போல் தரவைக் கெடுப்பது வேறில்லை.

வரையாடு 2024இல் 1,031, 2025இல் 1,303 என்கிறார்கள். ஓராண்டில் இவ்வளவு பெருகிவிட்டதா?

தமிழ்நாட்டுக் கணக்கெடுப்புகளின் எண்கள் அவைதாம். ஆனால் 272 ஆடுகள் புதிதாகப் பிறந்தன என்று அதைப் படிக்கக் கூடாது. பெண் வரையாடு பெரும்பாலும் ஒரு குட்டிதான் ஈனும். குட்டிகளில் பல பிழைப்பதில்லை. இரண்டாம் முறை கூடுதலான இடங்களைப் பார்த்தது, குழுக்களின் பயிற்சி கூடியது, மூடுபனி குறைந்தது ஆகிய எல்லாமே எண்ணை உயர்த்தக்கூடியவை. யானைக் கணக்கெடுப்பில் 2023இல் 2,961, 2024இல் 3,063, 2025இல் 3,170 என்று வந்த எண்களையும் அவ்வாறே நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே முறையில், ஒரே பாதைகளில், பத்து ஆண்டுகள் எண்ணிய பிறகே உயர்வா தாழ்வா என்று உறுதியாகப் பேசலாம்.

ஆமைக் குஞ்சைக் கையில் எடுத்துக் கடலில் விடலாமா? குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்.

கூடாது. குஞ்சு தானாக மணலில் ஊர்ந்து போக வேண்டும். ஒளியை நோக்கிப் போகும் இயல்பு உடையதால், உங்கள் கைபேசி வெளிச்சம்கூட அதைத் திசை திருப்பிவிடும். நகரத்துக் கடற்கரையில் தெருவிளக்குகளே அவற்றை ஊருக்குள் இழுப்பதால்தான் முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது.

முட்டைகளைத் தொடுவதும் உரிமம் பெற்ற அமைப்பினர் மட்டுமே செய்யக்கூடியது. ஒரு குழியில் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கலாம். இட்டுச் சில மணி நேரம் கடந்தபின் முட்டை புரண்டால் உள்ளே இருக்கும் கரு இறந்துவிடும். ஆணா பெண்ணா என்பதையே மணலின் வெப்பம்தான் முடிவு செய்கிறது. எனவே குழியின் ஆழம், நிழல் எல்லாவற்றையும் அறிந்தவர்களிடம் அதை விட்டுவிடுங்கள். நடக்கும்போது இறந்த ஆமைகளையும் காண்பீர்கள். மீன்பிடி வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தவையே அவற்றுள் மிகுதி. அவற்றையும் அளந்து எழுத வேண்டும். குழந்தைகளை அழைத்து வருபவர்கள் அதற்கு அவர்களை ஆயத்தப்படுத்தி அழைத்து வாருங்கள்.

எடுத்த படங்களை முகநூலில் போடலாமா?

கணக்கெடுப்பு முடிந்து, பொறுப்பாளரிடம் கேட்ட பிறகு, இடம் குறிப்பிடாமல் போடலாம். கூடுகள், குட்டிகள், கேமரா கட்டிய இடங்கள் ஆகியவற்றை எப்போதும் போடக் கூடாது. படத்துக்குள்ளேயே இருப்பிடம் பதிவாகியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். படிவங்களும் தானியங்கிக் கேமராப் படங்களும் கணக்கெடுப்பை நடத்துபவருக்கு உரியவை. நீங்கள் எழுதியதன் நகலை உங்கள் குறிப்பேட்டில் வைத்துக்கொள்ளக் கேட்டுப் பாருங்கள்.

பணம் கட்டினால் வெளிநாட்டு ஆய்வுப் பயணங்களுக்கு அழைத்துப் போகிறார்களே, அது சரியா?

தவறில்லை. 1971இல் தொடங்கிய எர்த்வாட்ச் போன்ற அமைப்புகள் தன்னார்வலர் தரும் பணத்தைக் கொண்டே ஆய்வின் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. பணம் கட்டும் முன் மூன்று செய்திகளைக் கேளுங்கள்: ஆய்வாளர் யார், முந்தைய ஆண்டுகளின் தரவு எங்கே வெளியாகியிருக்கிறது, உள்ளூர் மக்களுக்கு அதில் வேலை உண்டா. குட்டிகளைக் கொஞ்சவோ சிங்கத்தோடு நடக்கவோ விடுவதாகச் சொன்னால் அது ஆய்வு அல்ல. இங்கே செலவு பெரும்பாலும் பேருந்துக் கட்டணத்தோடு முடிந்துவிடும். உணவும் இடமும் முகாமில் கிடைக்கும்.

காவலர் சிறுத்தையின் எச்சம் என்கிறார், எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதை எழுதுவது?

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும் என்ற நினைப்போடு தொடங்குங்கள். பிறகு, எதைக் கொண்டு அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள்: அளவா, உள்ளிருக்கும் மயிரா, இடமா. அருகில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, குறிப்புப் பகுதியில் இருவர் கருத்தையும் எழுதுங்கள். உறுதியில்லை என்று எழுதக் கட்டம் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது இழுக்கல்ல. சுழியத்தைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

எப்போதும் காட்டில் இருப்பவர்கள் காவலர்கள். இரண்டு நாள் வரும் நம் பெயர் செய்தித்தாளில் வருகிறது. இது நியாயமா?

நியாயம் இல்லை. வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும் பகுதியினர் அந்தந்தக் காட்டின் பழங்குடியினர்: நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், ஆனைமலையில் காடர், மலசர், முதுவர். மடிந்த புல்லைப் பார்த்து யானை எத்தனை மணிக்குப் போனது என்று அவர்கள் சொல்வதை நாம் எழுதிக்கொள்கிறோம். குறைந்த ஊதியத்தில், குடும்பத்தை விட்டு முகாமில் கிடக்கிறார்கள்.

ஆனாலும் நாம் போவதில் பயன் இருக்கிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பாதைகளில் எண்ண ஆட்கள் போதாது. வெளியிலிருந்து வரும் இன்னொரு சோடிக் கண்கள் இருப்பது பதிவுக்கு நம்பகம் தரும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. படிவத்தில் பார்வையாளர் பெயர் என்ற கட்டத்தில் நம் பெயரை மட்டும் எழுதும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவருடைய பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல், உங்கள் பெயருக்கு முன்னால் எழுதுங்கள்.